குறள் ஒண்ணு போதும்: எதுகை மோனை அலகிடுதல் அணி எல்லாம் பிடிபட ஒரு வழி

முதல்ல ஒண்ணு செய்ங்க. இலக்கணப் பக்கத்த திறக்காதீங்க, எதுகைன்னா என்ன மோனைன்னா என்னன்னு டெஃபனிஷன் மனப்பாடம் பண்ண உக்காராதீங்க, அதுக்குப் பதிலா இந்தக் குறள சத்தமா, அடுத்த ரூம்ல இருக்கவங்களுக்குக் கேக்குற மாதிரி மூணு தடவ படிங்க.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

படிச்சாச்சா? முதல் வரியில நாலு சீரும் (சீர்னா அடியில இருக்க ஒவ்வொரு துண்டு) க க க கன்னு ஒரே சத்தத்துல ஆரம்பிச்சுச்சுல்ல, அதான் மோனை. ரெண்டாவது வரிய 'நிற்க'ன்னு எடுத்தவுடனே மேல சொன்ன 'கற்க' காதுல திரும்பக் கேட்டுச்சுல்ல, அதான் எதுகை. உங்க காது ரெண்டையும் ஏற்கனவே கண்டுபிடிச்சிருச்சு, பேரு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு.

நான் எங்க தெருவுல சாயங்காலம் நாலஞ்சு பசங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குறேன். வருஷா வருஷம் ஒரே கதைதான், இலக்கணம் கேட்டா தூக்கத்துல எழுப்பினாலும் கடகடன்னு ஒப்பிப்பாங்க, ஆனா ஒரு பாட்டக் குடுத்து இதுல எதுகை எங்க இருக்குன்னு கேட்டா அமைதியாயிடுவாங்க. காரணம் அவங்க பாட்ட கண்ணால மட்டும் படிக்கிறாங்க. செய்யுள் காதுக்காக எழுதினது, ஓலையில இருந்தத விட வாயில இருந்ததுதான் அதிகம். அதனால இந்தக் கட்டுரையில வர்ற ஒவ்வொரு பாட்டையும் வாய்விட்டுப் படிச்சிட்டே வாங்க, ப்ளீஸ்.

சரி, எதுகை. ரெண்டாவது எழுத்து ஒத்து வரணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னொரு பாதி இருக்கு, அத நிறைய பேர் விட்டுடுறாங்க, முதல் எழுத்து அளவுல ஒத்துப் போகணும், அதாவது குறில்னா குறில் நெடில்னா நெடில். பட்டு - கட்டு எதுகை. பாட்டு - காட்டு எதுகை. ஆனா பாட்டு - கட்டு எதுகை இல்ல, 'பா' ரெண்டு மாத்திரை 'க' ஒரு மாத்திரை, சொல்லிப் பாருங்க, ஒண்ணு இழுக்குது ஒண்ணு வெட்டுது, காது ஒத்துக்காது.

மோனைக்கு முதல் எழுத்து. அதே எழுத்துதான் வரணும்னு கட்டாயம் இல்ல, கூட்டாளி எழுத்து வந்தாலும் மோனைதான். அ ஆ ஐ ஔ ஒரு கூட்டம், இ ஈ எ ஏ ஒரு கூட்டம், உ ஊ ஒ ஓ ஒரு கூட்டம். மெய்யில ச - த, ஞ - ந, ம - வ ஜோடி. அதனால ஞாயிறு - நாள் மோனை, மாலை - வானம் மோனை. இது தெரியலன்னா பாதி மோனை கண்ணுல படவே படாது. உதாரணத்துக்கு 'பிறவிப் பெருங்கடல்' பாருங்க, பி - பெ, இகரமும் எகரமும் ஒரே கூட்டம், அதனால மோனை.

இணை, பொழிப்பு, ஒரூஉன்னு பேரு வரும்போதுதான் பசங்க முகம் வாடும். அது வெறும் அட்ரஸ்தான். ஒரு அடியில நாலு சீர், நாலு வீடு மாதிரி. முதல் வீட்டுல இருக்க எழுத்து ரெண்டாவது வீட்டுலயும் இருந்தா இணை, மூணாவதுல இருந்தா பொழிப்பு, நாலாவதுல இருந்தா ஒரூஉ. 'இனிய உளவாக இன்னாத கூறல்', ஒண்ணும் மூணும் இ, பொழிப்பு மோனை. 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி', ஒண்ணும் நாலும், அ - ஆ, ஒரூஉ மோனை. நாலு வீட்டுலயும் இருந்தா முற்று, நம்ம 'கற்க கசடற' அதான். மூணு வீட்டுல வந்தா கூழை (1, 2, 3), மேற்கதுவாய் (1, 3, 4), கீழ்க்கதுவாய் (1, 2, 4). எதுகைக்கும் இதே அட்ரஸ்தான், தனியா படிக்க வேண்டாம்.

இயைபு கடைசியில வர்றது, அடிகளோட முடிவுல எழுத்தோ சொல்லோ ஒத்து வந்தா இயைபு. தாலாட்டுலயும் சினிமாப் பாட்டுலயும் நிறைய கேட்டிருப்பீங்க, இதுல யாரும் திணறி நான் பாத்ததில்ல, அதனால தாண்டிப் போறேன்.

இப்போ அலகிடுதல், அதாவது ஒரு சீர அசை அசையா வெட்டிப் பிரிக்கிறது. அசை ரெண்டு வகை, நேர், நிரை. வாய்பாடுன்னா அப்படிப் பிரிச்சு வர்ற அமைப்புக்கு வெச்ச பேரு. பத்தாம் வகுப்புல குறள அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்லுவாங்க, கணக்கு மாதிரி, சரியா செஞ்சா முழு மார்க், ஆனா பயந்து விட்டுடுறவங்கதான் ஜாஸ்தி. நேரசைக்கு நாலு விதி நிரையசைக்கு நாலு விதின்னு எட்டு விதி புக்குல இருக்கும். நான் அத அப்படி சொல்லிக் குடுக்குறதில்ல. கையில பென்சில எடுத்து சீரோட இடது பக்கத்துலேர்ந்து போங்க. நெடில் வந்தா அங்கயே வெட்டுங்க, பின்னாடி மெய் இருந்தா அதையும் சேத்துக்கிட்டு வெட்டுங்க, அது நேர். குறில் வந்தா நில்லுங்க, அடுத்து என்ன இருக்குன்னு பாருங்க. மெய் இருந்தா அதோட சேத்து வெட்டுங்க, அதுவும் நேர். மெய் இல்லாம இன்னொரு குறிலோ நெடிலோ இருந்தா ரெண்டையும் ஒண்ணா பிடிச்சு, அதுக்குப் பின்னாடி மெய் இருந்தா அதையும் இழுத்துக்கிட்டு வெட்டுங்க, அது நிரை. சீரோட கடைசியில ஒரு குறில் தனியா மாட்டிக்கிட்டா அது நேர். அவ்ளோதான்.

'கசடறக்' எடுத்துக்கோங்க. க குறில், அடுத்து மெய் இல்ல, ச இருக்கு, சேத்துப் பிடி, கச, நிரை. அடுத்து ட குறில், பின்னாடி ற, அதுக்குப் பின்னாடி க், மூணும் ஒண்ணா டறக், நிரை. நிரை நிரை. போன வருஷம் ஒரு பையன் இத க / சட / றக்னு வெட்டிட்டு வந்தான், "அக்கா க தனியா இருக்கே, தனிக் குறில் நேர்தானே"ன்னு கேட்டான். நல்ல கேள்வி, ஏன்னா புக்குலயும் 'குறில் தனித்து'ன்னுதான் இருக்கு. "குறில் தனியா போகப் பயப்படும்டா, பக்கத்துல யாராச்சும் இருந்தா கையப் பிடிச்சுக்கும், யாருமே இல்லாத கடைசியிலதான் வேற வழியில்லாம தனியா நிக்கும்"னு சொன்னேன். அப்புறம் அவன் தப்பு பண்ணவே இல்ல.

முழுக் குறளும் இப்படி வரும். கற்/க நேர் நேர் தேமா, கச/டறக் நிரை நிரை கருவிளம், கற்/பவை நேர் நிரை கூவிளம், கற்/றபின் நேர் நிரை கூவிளம், நிற்/க நேர் நேர் தேமா, அதற்/குத் நிரை நேர் புளிமா, தக நிரை, கடைசி சீர்ங்கறதால மலர்.

இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, இத யாரும் எனக்கு ஸ்கூல்ல சொல்லல, நானா ஒரு நாள் நோட்டுல எழுதிட்டு இருக்கும்போது கண்ணுல பட்டுச்சு. வாய்பாட்டுப் பேரையே அலகிட்டுப் பாருங்க. தே/மா, நேர் நேர். புளி/மா, நிரை நேர். கரு/விளம், நிரை நிரை. கூ/விளம், நேர் நிரை. பேருக்குள்ளயே விடை இருக்கு! தேமான்னா இனிக்கிற மா, புளிமான்னா புளிக்கிற மா, கூவிளம்னா வில்வம், மரத்துப் பேரா வெச்சு மறக்க முடியாத மாதிரி செஞ்சு குடுத்திருக்காங்க. கடைசிச் சீருக்கும் அப்படித்தான், நாள் நேர், மலர் நிரை, கா/சு நேர்பு, பிறப்/பு நிரைபு, அதாவது கடைசிச் சீர்ல நேருக்கோ நிரைக்கோ பின்னாடி ஒரு உகரம் ஒட்டி நின்னா அத நேர்பு நிரைபுன்னு சொல்லணும். 'உலகு' உல/குன்னு பிரியும், பிறப்பு. 'தற்று' தற்/றுன்னு பிரியும், காசு. பரீட்சை ஹால்ல எது கருவிளம் எது கூவிளம்னு குழம்பினா அந்தப் பேர ஓரத்துல எழுதி அலகிட்டுக்கோங்க, வேற எதுவும் தேவையில்ல.

சரியா வந்துச்சான்னு செக் பண்ணவும் வழி இருக்கு. குறள் வெண்பா இனம், வெண்பாவுல தளை தட்டாது, தளைன்னா ஒரு சீரோட முடிவும் அடுத்த சீரோட ஆரம்பமும் சேர்ற விதம். மா முடிஞ்சா அடுத்த சீர் நிரையில ஆரம்பிக்கணும், விளம் முடிஞ்சா நேர்ல, காய் (மூணு அசை வந்து கடைசி அசை நேரா இருக்க சீர்) முடிஞ்சாலும் நேர்ல. மேல போட்டத பாருங்க, கற்க (மா) அடுத்து கச (நிரை), கசடறக் (விளம்) அடுத்து கற் (நேர்), கடைசி வரைக்கும் அப்படியே போகும். எங்கயாச்சும் இடிச்சா வள்ளுவர் தப்பு பண்ணல, நம்ம பென்சில் தப்பான இடத்துல வெட்டியிருக்கு, திரும்பிப் போய்ப் பாருங்க.

இன்னொண்ணு, புக்குல சீர் எப்படிப் பிரிச்சு அச்சாகியிருக்கோ அப்படியே எழுதுங்க. 'இறைவன் அடிசேரா தார்'ன்னு இருக்கும், அர்த்தப்படி 'சேராதார்' ஒரே சொல்லுதானேன்னு சேத்து எழுதினா அலகிடுறது மொத்தமும் கெட்டுடும். அடி/சே/ரா நிரை நேர் நேர் புளிமாங்காய், தார் நாள். சீர்ங்கறது அர்த்தத்துக்காக நிக்கிற இடம் இல்ல, ஓசை நிக்கிற இடம்.

இனிமே அணி. தண்டியலங்காரத்துல பொருளணி மட்டும் 35 சொல்லியிருக்கு, பயப்படாதீங்க, ஸ்கூல் புக்குக்கு அதுல கொஞ்சம்தான் வரும், அதுலயும் பாதி ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தப் பிடிக்க நான் பசங்ககிட்ட சொல்றது ஒரே கேள்விதான்: எது காணாம போச்சு?

ஒரு பொருளப் பத்தி பேசும்போது அதுக்குப் பக்கத்துல இன்னொரு பொருளக் கொண்டாந்து வெக்கிறோம். பேச வந்த பொருள் உவமேயம், பக்கத்துல வெச்சது உவமை, ரெண்டையும் ஒட்டுற பசை உவம உருபு. மூணும் கண்ணுக்குத் தெரிஞ்சா உவமையணி.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை

தோண்டுறவனையே சுமக்குற நிலம் உவமை, திட்டுறவனைப் பொறுத்துக்கிறது உவமேயம், 'போல' உருபு. உருபுன்னா 'போல' மட்டும்னு நினைக்காதீங்க, நன்னூல் 12 சொல்லிட்டு இன்னும் இருக்குன்னும் சொல்லுது, புரைய, ஒப்ப, மான, கடுப்ப, நிகர, அன்ன இதெல்லாம் அதுல இருக்கு. குறள்ல 'அற்று'ன்னு முடிஞ்சா உஷாராயிடுங்க, 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று', அந்த அற்றுன்னா போலன்னு அர்த்தம்.

எதனால ஒப்பிட்டாங்கன்னும் கேக்கணும். தொல்காப்பியர் நாலு காரணம் சொல்றார், வினை, பயன், மெய், உரு. புலி மாதிரி பாஞ்சான், செயல் ஒண்ணு, வினை. மழை மாதிரி குடுத்தான், பயன். உடுக்கை மாதிரி இடுப்பு, வடிவம், அது மெய். பவளம் மாதிரி வாய், நிறம், அது உரு. நிலம் போலப் பொறுக்கணும்னா அது வினை.

ஒரு நல்ல உவமை என்ன பண்ணும்னு தெரியணும்னா குறுந்தொகையில 40ஆவது பாட்டுக்குப் போங்க. எங்கம்மாவும் உங்கம்மாவும் யாரோ, எங்கப்பாவும் உங்கப்பாவும் என்ன உறவு, நானும் நீயும் எப்படி அறிஞ்சுக்கிட்டோம்னு கேட்டுட்டு வந்து இப்படி முடியும்,

செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

எங்கம்மா ஊருப் பக்கம் முழுக்க செம்மண் காடு. சின்ன வயசுல மழை ஆரம்பிச்சா திண்ணையில உக்காந்து பாப்போம், மேலேர்ந்து வரும்போது தண்ணிக்கு நிறமே கிடையாது, மண்ணத் தொட்ட அந்த நிமிஷம் செவந்து ஓடும், எது மழை எது மண்ணுன்னு விரல் நீட்டிக் காட்ட முடியாது. பல வருஷம் கழிச்சு இந்தப் பாட்டப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. வானத்துல இருந்த தண்ணிக்கும் தரையில கெடந்த மண்ணுக்கும் முன்ன பின்ன ஒரு சம்பந்தமும் கிடையாது, அம்மா யாரு அப்பா யாருன்னு மேல கேட்ட கேள்விக்கு இதான் பதில். இத எழுதினவரோட உண்மையான பேரு நமக்குக் கிடைக்கல, அதனால அந்த உவமையவே பேரா வெச்சு செம்புலப்பெயனீரார்னு சொல்றோம்.

திரும்ப கேள்விக்கு வருவோம். உருபு மட்டும் காணாம போனா? 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு'. எழுத்துக்கு அகரம் முதல், உலகத்துக்கு ஆதிபகவன் முதல், ரெண்டு தனித்தனி வாக்கியம், நடுவுல 'அதுபோல'ங்கறது இல்ல, நாமதான் போட்டுக்கணும். அது எடுத்துக்காட்டு உவமையணி.

ரெண்டு பொருளுக்கும் நடுவுல இருந்த இடைவெளியே காணாம போனா உருவகம். பிறவி கடல் மாதிரின்னு சொல்லல, 'பிறவிப் பெருங்கடல்', பிறவியே கடல். அதே குறள்ல கடலத் தாண்ட இறைவன் அடி வேணும்னு வருது, ஆனா அந்த அடியத் தெப்பம்னு சொல்லல, ஒண்ண உருவகம் பண்ணி இன்னொண்ண விட்டுட்டதால ஏகதேச உருவகம்னு பேரு. உவமைத்தொகைக்கும் (ரெண்டு சொல்லு ஒட்டி நடுவுல உருபு மறைஞ்ச உவமை) உருவகத்துக்கும் குழம்புறவங்களுக்கு ஒரு வழி, எது முன்னாடி நிக்குதுன்னு பாருங்க. மதிமுகம்னா மதி போன்ற முகம், உவமை. முகமதின்னா முகமாகிய மதி, உருவகம். கயல்விழி, விழிக்கயல் அதே மாதிரிதான்.

பேச வந்த விஷயமே காணாம போனா? 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்'. மயிலிறகுதானேன்னு அளவில்லாம ஏத்தினா வண்டி அச்சு முறியும், அவ்ளோதான் குறள்ல இருக்கு. ஆனா அதிகாரம் வலியறிதல், சின்ன எதிரிதானேன்னு பல பேரைப் பகைச்சுக்கிட்டா பலசாலியும் முறிஞ்சு போவான்னு நாமளா எடுத்துக்கணும். உவமை மட்டும் நின்னு உவமேயம் மறைஞ்சிருச்சு, பிறிது மொழிதல் அணி.

ஒப்பிட்டுட்டு அப்புறம் ரெண்டும் வேறன்னு பிரிச்சா வேற்றுமை அணி. தீயும் சுடும் நாக்கும் சுடும், அது வரைக்கும் ஒண்ணு, ஆனா தீ சுட்ட புண் ஆறும், நாக்கு சுட்ட வடு ஆறாது.

குடும்பத்துக்கு வெளிய இருக்கறதுல தற்குறிப்பேற்றம் எனக்கு ரொம்பப் பெருசு. இயல்பா நடக்குற ஒண்ணுக்குக் கவிஞர் தன் மனசுல இருக்க காரணத்த ஏத்திச் சொல்றது. கோவலனும் கண்ணகியும் மதுரைய நெருங்குறாங்க, கோட்டை மேல கொடி பறக்குது, காத்து அடிச்சா கொடி ஆடத்தான் செய்யும். இளங்கோ சொல்றார், 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட'. வராதே, திரும்பிப் போன்னு கொடி கை காட்டுதாம். உள்ள போனா கோவலன் கொலையாகப் போறான்னு படிக்கிற நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. வெறும் 'போல்' இருக்குன்னு இத உவமைன்னு எழுதிடாதீங்க, கொடியோட ஆட்டத்துக்கு ஒரு காரணம் ஏத்தியிருக்கு, அதத்தான் பாக்கணும்.

மத்தத சுருக்கமா சொல்லிடுறேன். புகழ்ற மாதிரி பழிச்சா, இல்ல பழிக்கிற மாதிரி புகழ்ந்தா வஞ்சப்புகழ்ச்சி, 'தேவர் அனையர் கயவர்'னு ஆரம்பிச்சு, ஏன்னா ரெண்டு பேரும் மனசு போல நடக்குறவங்கன்னு முடியும். வரிசையா சொன்னதுக்கு வரிசையா பதில் வந்தா நிரல்நிறை, 'அன்பும் அறனும்... பண்பும் பயனும்', அன்புக்கு நேரா பண்பு, அறனுக்கு நேரா பயன், ரெண்டு கோடு போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். ஒரே சொல் அதே அர்த்தத்துல திரும்பத் திரும்ப வந்தா சொற்பொருள் பின்வருநிலை, 'செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம்' குறள்ல செல்வம் எத்தன தடவ வருதுன்னு விரல் விட்டு எண்ணுங்க. ஒரே வரி ரெண்டு பொருளுக்குப் பொருந்தினா சிலேடை, இரட்டுற மொழிதல்னும் சொல்லுவாங்க. காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் 'நஞ்சிருக்குந் தோலுரிக்கும்'னு ஒண்ணா பாடினார், பாம்புக்கு நஞ்சு இருக்கும், பழம் நைஞ்சு இருக்கும், ரெண்டும் தோல் உரியும்.

பரீட்சையில எழுதும்போது அணியோட இலக்கணம், பாட்டு, பொருத்தம் மூணும் வேணும். மார்க் போறது கடைசியிலதான். 'இப்பாடலில் உவமை வந்துள்ளதால் உவமையணி'ன்னு எழுதினா அது பொருத்தமே இல்ல, உவமை இது, உவமேயம் இது, உருபு இது, உருபு மறைஞ்சிருந்தா மறைஞ்சிருக்குன்னு தனித்தனியா கை வெச்சுக் காட்டணும்.

இதெல்லாம் நிக்கணும்னா ஒரு தடவயாச்சும் நீங்களே எழுதிப் பாக்கணும். எங்க கிளாஸ்ல ஒன்பதாவது படிக்கிற பொண்ணுகிட்ட வீட்டுல இருக்க யாரையாச்சும் வெச்சு ஒரு உவமை எழுதச் சொன்னேன், 'தாத்தாவோட கை பனமட்டை மாதிரி இருக்கும்'னு எழுதினா. உருபத் தூக்குன்னேன், 'பனமட்டைக் கை'ன்னா. இன்னும் உவமைதான், தொகையாயிருக்கு, திருப்பிப் போடுன்னேன், 'கைப் பனமட்டை'ன்னா, உருவகம் ஆச்சு. இப்போ தாத்தாவையும் கையையும் ரெண்டையும் எடுத்துடுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பென்சிலக் கடிச்சிட்டு உக்காந்திருந்தா, எல்லாரும் பையத் தூக்கிட்டுக் கெளம்பின பிறகு நோட்ட என் முன்னாடி வெச்சா, ஒரே வரிதான்.

'வெயில்ல காயக் காய பனமட்டை இறுகும்.'